பழைய வீட்டின் பெயிண்டில் காரீயம்: சுரண்டத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானாலோ பொங்கல் நெருங்கினாலோ பெயிண்ட் அடிக்க ஆள் பேசுவது நம் ஊர்களின் வழக்கம். வந்த முதல் நாளே பெயிண்டர் கதவு, ஜன்னல், கிரில் கம்பிகளில் உரிந்து நிற்கும் பழைய பூச்சைத் தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். மாவு போன்ற பொடி தரையிலும் பாயிலும் அடுக்களைப் பாத்திரங்களிலும் படியும். மாலையில் அதைத் துடைப்பத்தால் பெருக்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு மறுநாள் வேலையைத் தொடர்வார்கள். அந்த வீட்டுக்கு 2017-ஆம் ஆண்டுக்கு முன்பு எனாமல் என்னும் ஆயில் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தால், பெருக்கிக் கொட்டிய பொடியில் காரீயம் கலந்திருக்கக்கூடும். அதிகச் செலவில்லாமல், வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை செய்பவருக்கும் தீங்கு வராமல் இதே வேலையைச் செய்து முடிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசும் ஈயமும் வெள்ளீயம் என்னும் வேறு உலோகம். பெயிண்டில் கலந்தது காரீயம், ஆங்கிலத்தில் லெட். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால், "ஈயம் உடம்புக்கு நல்லதுதானே" என்று கேட்பவர்களை இன்றும் காண முடிகிறது. காரீயம் எந்த அளவிலும் உடலுக்குத் தேவையில்லாதது; இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் சென்றாலும், சிறு குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைப் போல நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது. வளரும் மூளையைத் தாக்கி, கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கிறது. எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, தாய் கருவுற்றிருக்கும்போது மீண்டும் இரத்தத்தில் கலந்து சிசுவைச் சென்றடைகிறது. குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால்தான் இதில் முன்கூட்டியே கவனம் வேண்டும்.

எந்தப் பூச்சைச் சந்தேகிக்க வேண்டும்

வீடு முழுவதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் காரீயம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தண்ணீர் கலந்து அடிக்கும் டிஸ்டம்பர், எமல்ஷன் வகைகளும் பெரும்பாலும் அப்படியே. கவலைக்குரியது எனாமல், அதாவது நாம் ஆயில் பெயிண்ட் என்று சொல்லும் பளபளப்பான பூச்சு. மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் காரீயக் குரோமேட்டால் நிறம் பெற்றவை. அதோடு நீலத்தைக் கலந்து பச்சை செய்தார்கள். பூச்சு விரைவில் உலர்வதற்காகவும் காரீய உப்புகளைச் சேர்த்தார்கள் என்பதால் வெள்ளை எனாமலும் விலக்கல்ல. இரும்புக் கம்பிகளுக்கும் கேட்டுகளுக்கும் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த ஆரஞ்சு கலந்த சிவப்புப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, காரீய ஆக்சைடாகவே இருந்திருக்கலாம்.

ஆகவே பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் பார்க்க வேண்டிய இடங்கள் இவை: வாசல் நிலையும் கதவும், மர ஜன்னல்களும் அவற்றின் கம்பிகளும், மாடிப்படிக் கைப்பிடி, கூடத்திலும் அடுக்களையிலும் சுவரின் அடிப்பாகத்தில் இடுப்பளவு உயரத்துக்கு அடித்த ஆயில் பெயிண்ட் பட்டை, இரும்புக் கட்டில், பீரோ, பரணில் கிடக்கும் பழைய மரத்தொட்டில், நடைவண்டி. தெருவை வேடிக்கை பார்க்கும் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதில் வாய் வைப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். என்னைக் கேட்டால், வீட்டில் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் அந்த ஜன்னல்தான்.

வீட்டு உபயோகத்துக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016 நவம்பரில் அறிவித்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 90 பிபிஎம் என்றால் ஒரு கிலோ பெயிண்டில் 90 மில்லிகிராம். அதற்கு முன் இந்தியச் சந்தையில் எடுத்துச் சோதிக்கப்பட்ட சில மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் இந்த அளவு பத்தாயிரம் பிபிஎம்மையும் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தை 1978-இலேயே தடை செய்தார்கள். அங்கே 1978-க்கு முந்தைய வீட்டைத்தான் பழைய வீடு என்று அஞ்சுகிறார்கள். இங்கே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டின் கிரில்லும் அதே கவனத்துக்குரியது.

சோதித்துப் பார்க்க விரும்பினால், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் பெயிண்ட் மாதிரியைக் கொடுக்கலாம். மரம் தெரியும் வரை எல்லா அடுக்குகளும் மாதிரியில் இருக்க வேண்டும். மேலாக மட்டும் சுரண்டிக் கொடுத்தால் சென்ற ஆண்டு அடித்த பெயிண்டின் கணக்குதான் கிடைக்கும், அடியில் கிடக்கும் பழைய அடுக்கு தப்பிவிடும். தடவினால் நிறம் மாறிக் காட்டும் சோதனைக் குச்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. நிறம் மாறினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். மாறவில்லை என்பதை மட்டும் வைத்து அச்சமில்லை என்று முடிவு செய்யக் கூடாது. கையில் பணம் குறைவாக இருந்தால் சோதனைக்குச் செலவிட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. பழைய எனாமல் எல்லாவற்றிலும் காரீயம் இருப்பதாகவே எண்ணி வேலை செய்யுங்கள். அந்தப் பணம் ஒரு நல்ல முகமூடிக்கும் பிளாஸ்டிக் விரிப்புக்கும் உதவும்.

உரியாத பூச்சைத் தொட வேண்டாம்

இதில் மிக மலிவான வழி, பலரும் யோசிக்காத வழி, சும்மா விடுவது. மரத்தோடு இறுகப் பிடித்து, வெடிப்போ கொப்புளமோ இல்லாமல் இருக்கும் பூச்சிலிருந்து காரீயம் தானாக எழுந்து வருவதில்லை. அது பொடியாகும்போதுதான் கைக்கும் வாய்க்கும் வருகிறது. பழைய பூச்சு முழுவதையும் மரம் தெரியச் சுரண்டினால்தான் வேலை சுத்தம் என்ற எண்ணத்தால், நன்றாக இருந்த ஜன்னலையும் பொடியாக்கி வீடெங்கும் பரப்பிவிடுகிறோம். நன்றாக இருக்கும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஈரத் தேய்ப்பால் பளபளப்பை மட்டும் மங்கவைத்து, மேலே புதிய பூச்சு அடித்தால் போதும். சுவரின் ஆயில் பெயிண்ட் பட்டைக்கும் இதுவே பொருந்தும். பளபளப்பான பரப்பில் எமல்ஷன் நேராக ஒட்டாது. ஈரமாகத் தேய்த்தபின் அதற்கேற்ற பிரைமர் ஒரு கை அடித்துவிட்டு எமல்ஷன் அடிக்க வேண்டும். அந்தப் பட்டையின் மேல் டைல்ஸ் ஒட்டலாம் என்று மேஸ்திரி சொன்னால் சற்று நிதானியுங்கள். சிமெண்டு பிடிப்பதற்காகச் சுவரைக் கொத்திவிடும்போது எழும் புழுதி, நாம் தவிர்க்க நினைத்த அதே புழுதிதான்.

பூச்சு உரிவதற்குக் காரணம் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் அடிக்கும் பெயிண்ட் இரண்டு மழைக்காலம் தாங்காது. மொட்டைமாடி ஒழுகலோ, சுவரில் அடியிலிருந்து ஏறும் ஓதமோ, ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு இல்லாமல் சாரல் அடிப்பதோ காரணமாக இருக்கலாம். ஆகவே முதல் செலவு அங்கேதான். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவரில் ஆயில் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு கொப்புளிக்கும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது, விலையும் குறைவு.

அடுத்தது உரசல். நிலையோடு கதவு உரசும் விளிம்பிலும், ஜன்னல் பலகைகள் ஒன்றோடொன்று மோதும் ஓரத்திலும் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கொஞ்சம் பொடி உதிர்கிறது. ஜன்னல் திண்டில் எத்தனை முறை துடைத்தாலும் மீண்டும் படியும் நுண்பொடியில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். தளர்ந்த கீலின் திருகாணிகளை முடுக்குவதாலும், மழைக்காலத்தில் ஊதிப் பிடிக்கும் விளிம்பை ஈரப்படுத்திக்கொண்டு சிறிது இழைத்துவிடுவதாலும் இது பெருமளவு நின்றுவிடும். ஒரு தச்சரின் அரைநாள் வேலைதான். ஆனால் வீடு முழுவதும் பெயிண்ட் அடிப்பதைவிட இது குழந்தைக்கு அதிகப் பயன் தரலாம்.

உரிந்த இடத்தில் வேலை செய்யும் முறை

சுரண்டித்தான் ஆக வேண்டும் என்ற இடங்களில், பொடி எழாமல் பார்த்துக்கொள்வதே முழு வித்தை. அதற்கான கருவி தண்ணீர். உலர்ந்த உப்புத்தாள், கிரைண்டர், சாண்டர் இயந்திரம் ஆகியவற்றை இந்த வேலைக்குள் விடவே கூடாது. புளோ லாம்ப் என்னும் தீ விளக்கைக் கொண்டு பெயிண்டைச் சுட்டு உரிப்பது எல்லாவற்றையும்விடக் கேடு. சூட்டில் காரீயம் புகையாகி நேராக நுரையீரலுக்குப் போகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010 முதல் நடைமுறைப்படுத்தும் விதிகள் 1978-க்கு முந்தைய வீடுகளில் தீயால் சுடுவதையும், பொடி உறிஞ்சும் ஹெப்பா வடிகட்டி இணைக்காத இயந்திரத்தால் தேய்ப்பதையும் தடை செய்கின்றன. ஹெப்பா என்பது 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி. சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்பொடியை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் காற்றில் ஊதிவிடும் என்பதால் அதையும் பயன்படுத்த வேண்டாம்.

வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. அதற்கு வழியில்லாவிட்டால் ஒரு நேரத்தில் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற அறைகளை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். அறையிலுள்ள பாய், தலையணை, துணி, பாத்திரம் அனைத்தையும் முதலில் வெளியேற்ற வேண்டும். நகர்த்த முடியாத பீரோவைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தரையில் ஆறடிக்குத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். வீட்டின் வெளிப்புறத்தில் பத்தடி. இந்த அளவுகளும் மேற்சொன்ன அமெரிக்க விதிகளில் உள்ளவை. அறையின் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, உள்வாசலில் ஒரு விரிப்பைத் திரைபோலத் தொங்கவிட வேண்டும். வெளியே வேலை செய்தால் ஆடிக் காற்றில் செய்யக் கூடாது. கிணற்றின் வாயையும் கீரைப் பாத்தியையும் துளசி மாடத்தையும் மூடிவிட்டுத் தொடங்குங்கள். கழற்றக்கூடிய ஜன்னல் பலகைகளைக் கழற்றி, கொல்லையில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்தால் வீட்டுக்குள் வரும் பொடி வெகுவாகக் குறையும்.

பூச்செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் சிறு ஸ்பிரேயரால் உரிந்த இடத்தை நனைத்து, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, தகட்டால் மெல்லத் தள்ளினால் செதில்கள் ஈரமாகக் கழன்று விழும். காயக் காய மீண்டும் நனைக்க வேண்டும். தளர்ந்ததை மட்டும் எடுத்தால் போதும். இறுக்கமாக இருப்பதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிறகு ஓரங்களைச் சமப்படுத்த, கார் பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்கலாம். சுவிட்ச் பலகைக்கு அருகில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, அந்தச் சில அங்குலத்தை மட்டும் கையால் கவனமாக முடிக்க வேண்டும். வேலைப்பாடுள்ள தேக்குக் கதவில் செதுக்கல்களுக்குள் அடைந்த பெயிண்டை எடுக்க, பூச்சை இளக்கும் ரிமூவர் என்னும் ரசாயனத்தைப் பயன்படுத்துவோர் உண்டு. அதன் ஆவியும் நஞ்சு என்பதால், திறந்த வெளியில், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். மூடிய அறையில் அதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஈரப்பட்ட மரம் நன்றாகக் காய இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். பொங்கலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்குவதால்தான், காயும் வரை பொறுக்காமல் உலர் தேய்ப்புக்குப் போகிறார்கள். முடிந்தால் மாசி, பங்குனிக்கு இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

வேலை செய்பவரின் நலம்

வீட்டுக்காரர் ஒரு வாரம் இந்தப் பொடியோடு இருக்கிறார்; பெயிண்டர் ஆண்டு முழுவதும் இருக்கிறார். வெள்ளைக் காரீயப் பெயிண்டை வீட்டுக்குள் அடிப்பதை நிறுத்தி, பெயிண்டர்களைக் காக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இலேயே ஓர் உடன்படிக்கை செய்தது. நூறு ஆண்டுகள் கடந்தும் நம் பெயிண்டர் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் சுரண்டுகிறார். துண்டும் துணி முகமூடியும் காரீயப் பொடியைத் தடுக்காது. நுண்பொடியை வடிகட்டும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 தர முகமூடி சரியானது; கிடைக்காவிட்டால் குறைந்தது என்95, அதுவும் முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தியதாக இருக்க வேண்டும். இதை வீட்டுக்காரரே வாங்கித் தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கூலி பேசும் முறையும் இதில் முக்கியம். சதுர அடிக் கணக்கில் மொத்தமாகப் பேசினால் நனைத்துச் சுரண்டும் ஒவ்வொரு மணி நேரமும் பெயிண்டருக்கு நட்டம். இயல்பாகவே அவர் வேகமான வழியைத் தேடுவார். சுரண்டும் வேலைக்கு மட்டும் நாள்கூலி என்றும், அடிக்கும் வேலைக்குச் சதுர அடி என்றும் பிரித்துப் பேசினால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். வேலை நடக்கும் அறைக்குள் டீ, பீடி, வெற்றிலை கூடாது; கையில் ஒட்டிய பொடி வாய்க்குப் போக அதுவே வழி. சாப்பிடும் முன் சோப்புப் போட்டு முகமும் கையும் கழுவ வேண்டும். வேலை உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினால் காரீயம் அந்த வீட்டுக்கும் போகும் என்பதால், அவர் குளித்து உடை மாற்றிக்கொள்ள உங்கள் வீட்டிலேயே இடம் கொடுங்கள். அந்த உடைகளைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

துடைப்பமும் போகித் தீயும் வேண்டாம்

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் விரிப்பின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஓரங்களை உட்புறமாக மடித்துச் சுருட்டி, தடித்த பையில் போட்டுக் கட்ட வேண்டும். பூந்துடைப்பமோ தென்னந்துடைப்பமோ எடுத்தால் அதுவரை பட்ட பாடு வீணாகும். பெருக்கும்போது எழும் நுண்பொடி சில மணி நேரம் கழித்து மீண்டும் தரையில் படியும். இரண்டு வாளிகள் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் அலசும் தண்ணீர். சுவரின் மேலிருந்து தொடங்கி ஜன்னல் திண்டு, பிறகு தரை என்று வாசலை நோக்கித் துடைத்து வர வேண்டும். தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, பொடி அடங்கியபின், மீண்டும் ஒரு முறை துடைப்பது அவசியம். அந்தத் தண்ணீரை வாழை மரத்தடியிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். துடைத்த துணிகளைக் கழுவி மறுபடி அடுக்களைக்கு எடுக்காமல் குப்பையோடு கட்டிவிடுங்கள்.

கட்டிய பைகளை மக்கும் குப்பையோடு சேர்க்காமல், வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். பெயிண்ட் ஒட்டிய பழைய ஜன்னல், நிலை, பலகைத் துண்டுகளைப் போகிக்கு எரிப்பதும் வெந்நீர் அடுப்புக்கு விறகாக்குவதும் பெரிய தவறு. காரீயம் புகையிலும் சாம்பலிலும் தங்குகிறது, அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடும் வழக்கமும் நமக்கு உண்டு. பழைய மரமாக விற்றால், பெயிண்ட் பற்றி வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

புதிய பெயிண்ட் வாங்கும்போது

டின்னின் மேல் காரீயம் 90 பிபிஎம்முக்கு மிகாது என்ற வாசகமும் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பரணில் மிச்சமிருக்கும் பழைய டின்னைத் தின்னர் ஊற்றிக் கலக்கி அடிக்கும் சிக்கனம் வேண்டாம். முன்பு சொன்ன விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கு மட்டுமே உரியது. தொழிற்சாலை, வாகனப் பெயிண்டுகள் அதன் கீழ் வருவதில்லை என்பதால், பட்டறையில் மிஞ்சியது என்று மலிவாக வரும் டின்னைக் கிரில்லுக்கு அடிக்கக் கூடாது. இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் போதும். அது இரும்பு ஆக்சைடு. பெயர் ஒலி ஒத்திருந்தாலும் ரெட் லெட் என்பது காரீயம். கடைக்காரரிடம் தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரில் காரீயம் இல்லாவிட்டாலும் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது என்பதால் அதையும் தவிர்க்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யப் பணம் இல்லாதவர்கள் இந்த வரிசையில் போகலாம்: குழந்தை தூங்கும் அறையின் ஜன்னல், பிறகு குழந்தை அதிக நேரம் விளையாடும் கூடம், பிறகு வாசல் கதவு, கடைசியாக உயரத்தில் கை எட்டாத இடங்கள். காத்திருக்கும் காலத்தில் ஜன்னல் திண்டுகளையும் தரையையும் வாரம் இரு முறை ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் குழந்தையின் கையைக் கழுவுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பாலும் குழந்தைக்கு ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். அவை உள்ளே போன காரீயத்தை வெளியேற்றும் மருந்தல்ல.

வீட்டில் ஏற்கெனவே உலர் தேய்ப்பு நடந்து முடிந்திருந்தால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் பட்சத்தில் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் காரீய அளவைச் சோதியுங்கள். ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிலையில் வீட்டை மேலும் சுரண்டுவதை உடனே நிறுத்திவிட்டு, மேலே சொன்ன ஈரத் துடைப்பை வீடு முழுவதும் இரண்டு முறை செய்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.